ஆமைக்கு நகம் வெட்டும் நாள்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் என் நாற்காலி பறிபோனது.

பல் தேய்த்துவிட்டு வந்து பார்க்கிறேன், மாமனார் அதில் சாய்ந்து உட்கார்ந்து, ஆபரேஷன் செய்த கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, செய்தித்தாளைப் பிடித்திருக்கிறார். "உக்காருங்க மாப்பிள்ளை" என்று எதிரில் கிடந்த ஸ்டூலைக் காட்டினார். என் வீடு, என் மேசை, என் நாற்காலி. ஆனால் எனக்கு ஸ்டூல். அதையும் இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் என்னதான் செய்வது? உட்கார்ந்தேன்.

வாரத்தில் மூன்று நாள் எனக்கு வீட்டிலிருந்துதான் வேலை. இன்று ஸ்டூலில் இருந்தபடியே செய்தேன். இப்போது கையில் இருப்பது ஒரு கால்நடை மருத்துவமனை. முப்பத்தாறு கிளை. ஒவ்வொரு கிளையிலும் ஒரு பழைய மெஷின், அதற்குள் அந்தப் பக்கத்து நாய் பூனைகளின் சரித்திரம் மொத்தமும். எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்ற வேண்டும். கிளைக்கு இரண்டு எண்ட்பாயிண்ட். ஒன்று எங்கிருந்து எடுப்பது, மற்றது எங்கே கொண்டுபோய்ப் போடுவது. முகவரி, யூசர், பாஸ்வேர்டு எல்லாம் கையால் அடித்து, சோதனைப் பொத்தானை அமுக்கி, பச்சை விளக்கு வந்தால் அடுத்தது. இன்று மூன்றாவது கிளையின் பாஸ்வேர்டை நான்காவது கிளைக்குப் போட்டுவிட்டு, ஏன் சிவப்பு வருகிறது என்று மத்தியானம் வரை யோசித்தேன்.

இப்படியே போனால் பைத்தியம் பிடிக்கும். கம்ப்யூட்டரே இதைச் செய்துகொள்ள ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடப் போகிறேன். கிளைகள் ஷீட்டில் விவரம் நிரப்பட்டும், ஸ்கிரிப்ட் அதைப் படித்து எல்லா எண்ட்பாயிண்டையும் தானே வைக்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

மாமனார் குளியலறைக்குள் போனார். நான் மீட்டிங்கை முடித்துவிட்டு வந்தேன். இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

மாமியார் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து மாமனார் தன் ஊரில் தனியாகத்தான் இருக்கிறார். கண் ஆபரேஷன் என்று சொல்லித்தான் என் மனைவி அவரை இங்கே வரவழைத்தாள். வந்த அன்றே வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சொட்டு மருந்து தீர்ந்ததும் கிளம்பிடுவேன்" என்று சொல்லிவிட்டார். மருந்து இந்த மாதக் கடைசி வரை வரும்.

இவளுக்கு அவர் இங்கேயே இருந்துவிட வேண்டும். இன்று துணி மடிக்கும்போது சொன்னாள், சொல்லும்போதே குரல் கம்மியது. சரி, அவரிடம் கேள் என்றேன். கேட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் தாங்க மாட்டாளாம். அவராகச் சொல்லட்டுமாம். அவரோ மகள் வீட்டில் தானாகப் போய் உட்காருகிற ஆள் இல்லை. என் நாற்காலி கணக்கில் சேராது.

நீ என்ன நினைக்கிறாய் என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? தெரியவில்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நானும் அவரும் பேசிய மொத்தப் பேச்சையும் ஒரு தபால்தலையின் பின்பக்கம் எழுதிவிடலாம். "சாப்டீங்களா மாப்பிள்ளை?" "ஆச்சு மாமா, நீங்க?" "ஆச்சு." அவ்வளவுதான். இரண்டு பக்கமும் மரியாதை கரை புரண்டு ஓடுகிறது. அதைத் தாண்டி ஒரு வார்த்தை கடந்து போவதில்லை.

மார்ச் 11, புதன்

ஸ்கிரிப்ட் ஓடுகிறது! சோதித்துப் பார்க்க நிஜப் பிராணிகளைத் தொடக்கூடாது என்பதால், ஒரு சோதனை மெஷின் வைத்து, நானே பதினோரு பிராணிகளைப் படைத்தேன். படைக்கும் தொழில் இவ்வளவு சுகமானது என்று தெரியாமல் போயிற்று.

எங்கள் மேனேஜரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் 'எப்பமுடியும்' என்போம். அவர் வாயிலிருந்து வேறு கேள்வி வந்து யாரும் கேட்டதில்லை. பெயர்: மேனேஜர். இனம்: புல்டாக். குணம்: காரணமில்லாமல் குரைக்கும். என் மனைவி கிளி. சொன்னதையே சொல்லும். நான் கழுதை, குறிப்பு தேவையில்லை. பிறகு, பெயர்: மாமனார். இனம்: ஆமை. வயது: எழுபத்திரண்டு. உணவு: உப்பு குறைந்தால் தொடாது. குணம்: குளியலறைக்குள் போனால் வெளியே வராது. குறிப்பு: வந்த இடத்தை விட்டு நகராது. அடுத்த வருகை: நகம் வெட்ட. அதற்கு வாயில் வந்த ஒரு தேதி.

தொலைபேசி எண் கட்டத்துக்கு எங்கள் வீட்டு எண்ணையே எல்லாப் பிராணிக்கும் போட்டேன். இணைய இணைப்போடு சும்மா வந்த போன் அது. அடித்தால் நாங்கள் எடுப்பதே இல்லை.

ஒவ்வொரு தடவையும் முகவரி அடிக்கச் சோம்பல். அதனால் கட்டம் காலியாக இருந்தால் சோதனை மெஷினையே எடுத்துக்கொள் என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். சமர்த்து, சொன்னபடி கேட்கிறது.

மார்ச் 12, வியாழன்

கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் ஸ்கிரிப்டைப் பார்க்கக் கொடுத்தேன். 'ஒத்தவரி' என்று பெயர் வைத்திருக்கிறோம், எதற்கும் ஒரே வரிதான். இன்றும் ஒரே வரி: "கட்டம் காலியா வந்தா?"

நிஜ ஷீட்டில் காலியாக வராது என்று பதில் போட்டேன். கொஞ்சம் கெத்தாகவே போட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

முப்பத்தாறும் பச்சை! கல்லில் நார் உரிப்பது போலக் கிளைகளிடமிருந்து விவரம் வாங்கி, இன்று ஒரே அமுக்கு. நான் ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, பச்சைப் பச்சையாக விழுந்து, எல்லாச் சரித்திரமும் கிளவுடுக்கு நகர்ந்தது. மேனேஜர் கூப்பிட்டு, எப்ப முடியும் என்று ஆரம்பித்தார். முடிஞ்சிடுச்சு சார் என்றேன். சரி, எப்ப முடியும் என்றார் மறுபடியும். பாவம், வேறு பேசி அவருக்குப் பழக்கம் இல்லை.

சாயங்காலம் பெருமை தாங்காமல் மாமனாரிடமே சொல்லிவிட்டேன். எல்லாம் பச்சை மாமா, என்று. "ரொம்ப நல்லது மாப்பிள்ளை" என்றார். தபால்தலைக்கு மேலும் ஒரு வரி சேர்ந்தது.

மார்ச் 20, வெள்ளி

இதை எழுதாமல் இருக்க முடியாது. நான் மீட்டிங்கில் இருக்கும்போது மாமனார் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, வெறும் படத்தை மட்டும் பார்க்கிறார். நான் சொல்லவில்லை. எத்தனை நாளாக நடக்கிறது என்று தெரியவில்லை, இன்றுதான் கவனித்தேன்.

அந்தச் சும்மா வந்த போனையும் அவர்தான் எடுக்கிறார். ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவார். "வணக்கம், சொல்லுங்க" என்கிற அந்தக் குரலைக் கேட்டால், கடன் வேண்டுமா என்று கேட்க வந்தவன்கூட எழுந்து நின்று பேசுவான். "மாப்பிள்ளை மீட்டிங்ல இருக்காரு" என்று சொல்லும்போது மட்டும் குரல் ஒரு படி ஏறுகிறது. ஏதோ நான் மந்திரிசபைக் கூட்டத்தில் இருப்பது மாதிரி.

மார்ச் 24, செவ்வாய்

என்ன நடந்தது? ஒன்றும் புரியவில்லை. சாப்பிடும்போது மாமனார் தட்டைப் பார்த்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை சாயங்கால வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாகச் சொன்னார். சொட்டு மருந்து இன்னும் தீரவில்லை. இவள் அதைச் சொன்னதற்கு, மிச்சத்தை அங்கே போய்ப் போட்டுக்கொள்வாராம்.

இவள் அடுப்படியில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது சொன்னீங்களா?" என்றாள். நான் என்னத்தச் சொல்றது? அவர்கிட்ட சொல்ற அளவுக்கு என்கிட்ட வார்த்தை ஏது?

மார்ச் 25, புதன்

நாற்காலி காலியாக இருந்தது. மாமனார் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உங்க இடத்துல உக்காருங்க மாமா என்றேன். "இல்ல, அது உங்க இடம்" என்றார். நான் எழுந்திரிப்பதற்கு முன்பே குளித்துவிட்டிருக்கிறார். குழம்பில் இவள் அழுகையோடு உப்பு போட மறந்திருந்தாள். மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

ஒரு மாதமாக எது வேண்டும் என்று முணுமுணுத்தேனோ அது அத்தனையும் இன்று கிடைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் முள் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 26, வியாழன்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தட்டச்சால் கெட்டேன்.

காலையில் மேனேஜர் ஒரு மெயிலைத் தள்ளிவிட்டிருந்தார், மேலே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு. ஒரு கிளையின் வரவேற்பாளர் எழுதியது. தலைமை அலுவலகம் எங்களுக்கு மாற்றிக் கொடுத்த பதினோரு பிராணிகளும் ஒரே வீட்டைச் சேர்ந்தவை. அவற்றில் மேனேஜர் என்ற, காரணமில்லாமல் குரைக்கும் புல்டாக்குக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டதாகப் பதிவு இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிவிக்கவும்.

அந்தக் கிளையின் வரியை ஷீட்டில் தேடிப் பிடித்தேன்.

அது புதிதாகத் திறந்த கிளை. அங்கே பழைய மெஷினே கிடையாது. அதனால் பழைய முகவரி கேட்ட கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். நியாயம்தானே, இல்லாததை எப்படி எழுதுவார்கள்? என் சமர்த்து ஸ்கிரிப்ட் காலியைப் பார்த்ததும், சொல்லி வைத்தபடி சோதனை மெஷினை எடுத்துக்கொண்டது. தொட்டுப் பார்த்தது, பச்சை. என் கேலிப் பிராணிகள் மொத்தத்தையும் கொண்டுபோய் ஒரு நிஜ மருத்துவமனையில் இறக்கிவிட்டது. ஒத்தவரி கேட்ட ஒத்தைக் கேள்வி. காலியாக வராது என்று நான் பதில் போட்ட கெத்து. எங்கே போய் முட்டிக்கொள்வது?

அழித்துவிட்டு மறுபடி ஊற்றலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு வாரமாக அதே இடத்தில் நிஜ நாய் பூனைகளையும் பதிந்து வைத்திருக்கிறார்கள். அந்த வரவேற்பாளரைப் போனில் பிடித்தேன். தங்கமான பெண். ஒவ்வொன்றாக மூடித் தருகிறேன் சார், ஆனால் எங்களிடம் ஒரு விதி இருக்கிறது என்றார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, பிராணி இறந்துவிட்டதா, இடம் மாறிவிட்டதா என்று கேட்டுக்கொண்டுதான் மூட வேண்டுமாம். சரி, நீங்கள் கூப்பிடும் வீட்டுக்காரன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொன்னார்: "திங்கக்கிழமை ஒரு தடவை கூப்பிட்டேன் சார். பெரியவர் ஒருத்தர் ரொம்ப மரியாதையாப் பேசினாரு."

திங்கட்கிழமை. ஆமைக்கு நகம் வெட்டும் நாள்.

என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். மாமனார் என்கிற ஆமைக்கு இன்று நகம் வெட்ட வேண்டும், அழைத்து வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். பெரியவர், ஆமையைப் பற்றி வேறு என்னம்மா எழுதியிருக்கிறது என்று கேட்டாராம். இந்தப் பெண்ணும் வயது, உப்பு, குளியலறை என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியிருக்கிறது. கடைசியில் குறிப்பையும்.

"அதைக் கேட்டுட்டு, 'நகந்துரும்மா, கவலைப்படாதீங்க'ன்னு சொன்னாரு சார். நல்ல வீட்டுக்காரர்."

அந்த மனுஷன் மறுநாளுக்குள் டிக்கெட் எடுத்திருக்கிறார்.

மேனேஜர் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். தயங்கித் தயங்கி, "நான் அவ்வளவா குரைக்கறேன்?" என்று கேட்டார். இந்தத் தப்பை எப்போது சரி செய்வேன் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அதுவே பெரிய தண்டனையாக இருந்தது.

மார்ச் 27, வெள்ளி

இவளிடம் நேற்றே சொல்லிவிட்டேன். மறைத்தால் ஆமையோடு கிளியும் பறந்துவிடும். முழுவதும் கேட்டாள். திட்டவில்லை. "எங்கப்பா அதைக் கேட்டுட்டும் உங்களுக்கு மீட்டிங்குன்னு டிவி சத்தத்த அணைச்சிருப்பாரு" என்றாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

இன்று காலையில் மாமனார் முன்னால் போய் நின்றேன். அவர் சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. மாமா, அது சோதனைக்காக விளையாட்டா எழுதினது, தப்பு, மன்னிச்சிடுங்க என்றேன். மேனேஜரை நாய் என்றும் என்னைக் கழுதை என்றும் எழுதியதையும் சேர்த்துச் சொன்னேன், ஏதோ அதனால் கணக்கு நேராகிவிடும் என்பது போல.

கழுதைக்குச் சிரித்தார். பிறகு சட்டையின் காலரை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"ஆமைன்னதுக்கு ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. ஹோட்டல்ல எனக்கு அதைவிட மோசமா பேர் வச்சிருந்தாங்க. ஆனா நகராதுன்னு எழுதியிருந்தீங்க பாருங்க. நான் நாற்காலியில உக்காந்தப்போ உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு அப்பத்தான் தோணுச்சு."

இல்லை மாமா, அப்படி இல்லை என்று மட்டும் சொன்னேன். எப்படி இல்லை? முதல் வாரம் அப்படித்தானே இருந்தது. இப்போது அப்படி இல்லை என்று சொல்ல வந்தால், 'இப்போது' என்ற ஒரு வார்த்தையே காட்டிக் கொடுத்துவிடும்.

அவர் ஜிப்பை மூடினார். இருங்கள் என்று நான் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்ட கையோடு சொன்னால் பரிகாரம் மாதிரி இருக்குமே என்று தயங்கினேன். இவளோ அவர் சொல்லட்டும் என்று இருக்கிறாள். அவரோ நாங்கள் சொல்லட்டும் என்று இருக்கிறார். ஆளாளுக்கு ஒரு காலிக் கட்டம், ஆளாளுக்கு அதில் ஒரு பதிலை நாங்களே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். என் ஸ்கிரிப்டைத் திட்டினேன், அது என் வீட்டுப் பிள்ளை அல்லவா.

மார்ச் 28, சனி

மத்தியானம் வீட்டு போன் அடித்தது. மாமனார் எழுந்திருக்கவில்லை. திங்கட்கிழமையிலிருந்தே அவர் அந்தப் போனை எடுப்பதில்லை என்று இவள் சொல்லியிருந்தாள். ஆறாவது மணிக்கு நான் எடுத்தேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு நான் எடுத்த முதல் போன்.

அதே பெண். பத்துப் பிராணிகளை இடம் மாறியது என்று போட்டு மூடிவிட்டேன் சார், முந்தாநாள் வீட்டுக்காரராக நீங்கள் சொன்ன மாதிரி. ஆமை மட்டும் பாக்கி. பெரியவர் நகர்ந்துவிடும் என்று மட்டும்தான் சொன்னார், நகர்ந்துவிட்டதா என்று தெரியாமல் மூடக்கூடாது. இடம் மாறியாச்சா, இல்லை உங்கள் வீட்டில்தான் இருக்கிறதா?

ஆமாம், மாறியாச்சு, மூடிருங்க. ஒரு நொடி வேலை. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன். மாமனார் கூடத்தில் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். இவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, ஆமை இங்க இருக்கா, இடம் மாறிடுச்சான்னு கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

அவர் துண்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்லலாம்னு இருக்கீங்க?" என்றார்.

"எனக்கு ஆமை இங்கயே இருந்தா நல்லாருக்கும் மாமா. நெஜமாத்தான் சொல்றேன். ஆனா நானா எழுதிக்க மாட்டேன். பட்டது போதும். நீங்கதான் சொல்லணும்."

போனுக்குள் அந்தப் பெண் ஹலோ ஹலோ என்கிறது.

மாமனார் மெல்ல எழுந்து வந்தார். என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த ஹோட்டல் குரல் வந்தது.

"வணக்கம்மா. ஆமை இங்கதான் இருக்கு. இங்கதான் இருக்கும். நகம் மட்டும் நாங்க வீட்லயே வெட்டிக்கறோம்."

இவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் ஏதோ கண்ணில் விழுந்த மாதிரி அவருடைய கறுப்புக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

ஸ்கிரிப்டில் அந்த வரியை எடுத்துவிட்டேன். இனிமேல் கட்டம் காலியாக இருந்தால் அங்கேயே நின்று, ஆளைக் கேட்கும். ஒத்தவரி பார்த்துவிட்டு ஒரு வரி அனுப்பினாள்: "இதைத்தான் கேட்டேன்."

சோதனைப் பிராணிகளுக்கு இப்போது பெயர் கிடையாது, வெறும் எண்கள்தான். கிளி தன் பதிவைப் பற்றித் தினமும் ஒரு தடவை விசாரிக்கிறது. சொன்னதையே சொல்கிறது. எழுதியது அப்படி ஒன்றும் தப்பில்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 7, செவ்வாய்

சொட்டு மருந்து தீர்ந்து ஒரு வாரம் ஆயிற்று. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மாமனார் குளியலறையில் இருக்கிறார். உப்பு குறைவு என்று நேற்று சொன்னார், இவள் சந்தோஷமாகப் போட்டாள்.

புது நாற்காலி வந்தது. மாமனாருக்கு என்று பார்த்துப் பார்த்து வாங்கினோம். பெட்டியைப் பிரித்து, திருகு முடுக்கி, ஜன்னல் பக்கம் போட்டு, இது உங்களுக்கு மாமா, இந்தப் பழசை நான் எடுத்துக்கறேன் என்றேன்.

அவர் என் நாற்காலியில் இருந்தபடியே புதுசை ஏற இறங்கப் பார்த்தார். செய்தித்தாளில் ஒரு பக்கம் திருப்பினார்.

"நல்லாருக்கு மாப்பிள்ளை. நீங்களே உக்காந்துக்குங்க. நான்தான் வந்த இடத்தை விட்டு நகர மாட்டேனே."